பழைய நெகட்டிவ்களுக்கு டோனிங் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அப்பப்பாவின் கலியாணம், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா என்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைப் பிஸ்கட் பேணியோடு கொண்டுவந்து, “டோனிங் செய்தால் இனிப் பழுதாகாதுதானே?” என்று கேட்கிறீர்கள். டோனிங் என்பது நெகட்டிவை மருந்துக் கரைசலில் இட்டுப் பதப்படுத்துவது. பாதிக்குத்தான் ஆம் சொல்லலாம்.

நெகட்டிவில் உருவமாய்த் தெரிவது ஜெலட்டினுக்குள் இருக்கும் நுண்ணிய வெள்ளி. புதுப் பெயின்ற், மலிவான பலகை அலுமாரி, வாகனப் புகை இவற்றின் ஆவி பட்டால் அந்த வெள்ளி மெல்லக் கரைந்து மேலே வந்து படியும். ஓரங்களில் கண்ணாடிபோல மினுங்குவது அதுதான். டோனிங் வெள்ளியை அசையாத சேர்மமாக மாற்றிவிடுகிறது. வெள்ளிக் கொலுசில் நீங்கள் தேய்த்துப் போக்கும் கறுப்பு இருக்கிறதே, அது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்பைட். நெகட்டிவில் அதையே நாங்கள் வேண்டி உண்டாக்குகிறோம்.

டோனிங் மருந்துகளில் செலீனியம்தான் நல்லது என்று பலர் கேட்டு வருகிறீர்கள். நாங்களும் முன்பு அப்படித்தான் நம்பினோம். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் 1980களின் பிற்பகுதியில் மைக்ரோபிலிமில் (ஆவணங்களைச் சிறிதாக்கிப் பதியும் பிலிம்) சோதித்தபோது, செலீனியம் அடர்ந்த கறுத்த பகுதிகளைக் காத்தது, மெலிந்த பகுதிகளைச் சரியாகக் காக்கவில்லை. பொலிசல்பைட் என்ற கந்தக மருந்து இரண்டையும் காத்தது. செலீனியம் அடர்த்தியையும் கூட்டிவிடும். அதனால் இங்கே பொலிசல்பைட்தான். கூழ்முட்டை நாற்றம் என்பதால் பின்வளவில் வைத்துத்தான் செய்கிறோம், அயலவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

டோனிங் காப்பது வெள்ளியை மட்டும். பேணியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் வெள்ளியைத் தாங்கும் அசிற்றேற் பிளாஸ்டிக் பிலிமே சிதைகிறது. அதற்கு டோனிங் மருந்தல்ல. உடனே ஸ்கேன் செய்து, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததையும் வீட்டில் கழுவாதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து, முகமே போய்விடும்.

எதுவானாலும் முதலில் ஸ்கேன், பிறகே டோனிங். பிசகினால் திருப்ப முடியாத வேலை இது. முன்பு பிலிம் கழுவியபோது உருவத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போ மருந்து மிச்சம் இருந்தால் கறை விழும் என்பதால் முன்னே நன்றாக அலசியும் எடுப்போம்.

வீட்டில் சொப்பிங் பையில் சுற்றி வைக்காதீர்கள். நல்ல கடதாசி உறையே போதும். காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கிவிடும். மாரியில் நம் ஊர் வீடுகளின் நிலை உங்களுக்கே தெரியும். நாங்களும் மார்கழி மழை விடும்வரை டோனிங் வேலை எடுக்கமாட்டோம், பிலிம் காயாது. ஸ்கேனுக்கு எப்போதும் வரலாம்.

இப்படிக்கு,
ஸ்டூடியோவினர், திருகோணமலை