போளூருக்கு, பிளாக்டவுனிலிருந்து

பிளாக்டவுன், சிட்னி
5 மே 2014

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, பாப்பா, தம்பி எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் பேசினால் "சரி சரி, காசு ஆகும், வெச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள், காகிதம் கிடைத்தால் மட்டும் நான்கு பக்கம் எழுதுகிறீர்கள். அதனால் நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன். பாரதக் கூத்து முடிகிற படுகளத்தன்று மழை பிடித்துக்கொண்டு மண் துரியோதனன் கரைந்துபோன பிறகும், வீமன் வேஷக்காரர் தொடை எங்கே என்று தேடித் தேடி அடித்தார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிர் சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அறை சின்னதா என்று அம்மா கேட்டிருக்கிறார்கள். சின்னதுதான், பெருக்குகிற வேலை மிச்சம். உடன் இருப்பவர்கள் ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள், அதனால் கட்டிலுக்கு ஒன்றும் தகராறு இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது. இங்கே மே மாதம் என்றால் இலை உதிர்கிற காலம். விடிகாலையில் பிளாட்பாரத்தில் நின்றால் காது மடல் விறைத்துப்போகிறது. அம்மா பின்னித் தந்த மப்ளரைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஒரு மேட்ச் பார்க்கப் போனேன். சனிக்கிழமை வேலையை இப்போது குறைத்துவிட்டார்கள், ஓய்வு நிறையக் கிடைக்கிறது. கூட்டிக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டுப் பிஜிப் பெரியவர். தோட்டத்துக் கொடிக்கம்பியில் வேட்டி காயப்போடுவார் என்று முன்பே எழுதியிருக்கிறேன், அவர்தான். வேட்டி வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும். மற்ற நாளில் அரைக்கால் சட்டையும் பூப்போட்ட சட்டையும், எந்தக் குளிரானாலும். குப்பைத்தொட்டி வைக்கிற நாளில் தெருவில் எல்லோருடைய தொட்டியையும் ஒரே வரிசையாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்டம் ரக்பி லீக். சமோவாவும் பிஜியும். சிட்னிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பென்ரித் மைதானத்தில். இந்த வருஷம் அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் ஆடுகிற நாலு நாட்டுப் போட்டி இருக்கிறது. நாலாவது இடம் பசிபிக் தீவு ஒன்றுக்கு. அது யாருக்கு என்று முடிவுகட்டத்தான் இந்த ஒரே ஆட்டம். தீவுக்காரர்கள் ஏன் சமோவாத் தலைநகர் ஆப்பியாவிலோ பிஜித் தலைநகர் சுவாவிலோ ஆடாமல் இங்கே வந்து ஆடுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆடுகிறவர்கள் பாதிக்கு மேல் இங்கே சம்பளத்துக்கு ஆடுகிற பிள்ளைகள். சிட்னியிலோ ஆக்லாந்திலோ பிறந்து வளர்ந்து, அப்பா ஊர், பாட்டி ஊர் என்ற பாத்தியதையில் தீவுக்கு ஆடுகிறார்கள். பார்க்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், மவுண்ட் ட்ரூயிட் பக்கம் முழுக்க சமோவாக்காரர்கள். சுவாவில் பிறந்த பீட்டரோ சிவோனிசேவா என்பவர் ஆஸ்திரேலியாவுக்கு 45 டெஸ்ட் ஆடி முடித்துவிட்டு, போன வருஷ உலகக் கோப்பையில் பிஜிக்குத் தலைவராகப் போனார். அவர் பெயரைச் சொல்லும்போது பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்.

அந்த உலகக் கோப்பையில்தான் பிஜி இங்கிலாந்தின் வாரிங்டனில் சமோவாவை 22-4 என்று வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் கம்பெனிக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிற சமோவாக்காரர் ஒருவர் (நானும் அவ்வப்போது அந்தப் பக்கம் போவதுண்டு) அன்றிலிருந்து இந்த நாளுக்காகக் காத்திருந்தார். பிஜிக்காரர் ஒருவரோடு மேட்சுக்குப் போகிறேன் என்றதும் என்னைத் துரோகி என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சேப்பங்கிழங்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நம் ஊர்க் கிழங்கு மாதிரி வழவழப்பு கிடையாது, ஒரு கிழங்கே தேங்காய் அளவு. புளி ஊற்றி வறுக்க அம்மா கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

ஆட்டத்தைத் தம்பிக்கு விளக்குகிறேன், படித்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் இருப்பவனுக்குத்தான் தள்ள வேண்டும். முன்னால் போக ஓட வேண்டும், இல்லை உதைக்க வேண்டும். ஓடுகிறவனை மூன்று நாலு பேர் சேர்ந்து அமுக்குவார்கள். அமுக்கினால் அவுட் இல்லை. எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஆறாவது முறை அமுக்கினால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 4 புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் இன்னும் 2. கபடியில் பாடிப் போனவன் காலைப் பிடித்த பிறகும் கோட்டுக்குக் கை நீட்டித் திமிறுவானே, 80 நிமிஷமும் அதே திமிறல்தான். ஆள் ஒவ்வொருவரும் நூறு கிலோ. தம்பிக்கு அந்த முழங்கால் சரியாகும்வரை ரெய்டு வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் பெரியவர் செலவு. நான் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வரை ஒரே கொடிமயம். சமோவாவுக்குச் சிவப்பும் நீலமும், பிஜிக்கு வெளிர் நீலம். பாட்டிமார்கள் கழுத்தில் பூமாலையோடு நடக்கிறார்கள், கைக்குழந்தைகளின் கன்னத்திலும் கொடி வரைந்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் சமோவாக்காரர்கள் வரிசையாக நின்று, தொடையில் அறைந்து, அடி வயிற்றிலிருந்து கத்தி ஒரு போர் நடனம் ஆடுவார்கள். பெரியவர் அதைப் பார்க்க மாட்டேன் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு சிப்ஸ் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பசி இல்லை என்றேன்.

விசித்திரம் என்னவென்றால், பிஜியில் இருந்தவரை அவர் ரக்பி பார்த்ததே இல்லையாம். அங்கே ரக்பி பூர்வகுடிகளின் ஆட்டம், இந்தியர்களுக்குக் கால்பந்து. 1987இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தியர்கள் ஆதரவோடு ஜெயித்து வந்த அரசாங்கம் ஒரு மாதம்தான் இருந்தது. அடுத்த வருஷமே இவர் லவுடோகாவில் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். வந்த பிறகுதான் பிஜிக்கு ரக்பி பார்க்க ஆரம்பித்திருக்கிறார். உங்களைத் துரத்தின ஊருக்கா இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் பிஜி ஹிந்தி, வெளியே ஆங்கிலம். பேரன்களுக்கு அந்த ஹிந்தியும் இல்லை. ஆனால் இரண்டாம் பாதியில் சமோவாக்காரன் ஒருவன் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு எங்கள் முன்னால் ஓடினான். பெரியவர் எழுந்து நின்று தொண்டை கிழிய, "புடி! புடி! விடாதே!" என்றார். அவருடைய அப்பா கரும்புக் காட்டில் மாட்டின் பின்னால் ஓடும்போது கத்துவாராம், அது மட்டும் தங்கிவிட்டது.

அப்பா, அப்புறம் ஆட்டத்தில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏரிக்கரைத் திடலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நீங்கள் போடுகிற சத்தம்தான் அது. இங்கே வாரக் கணக்கில் யாரும் என்னிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். நீங்கள் ஒரு தடவை திட்டினால் தேவலை என்று இருந்தது. சரி, விடுங்கள்.

சமோவா 32, பிஜி 16. நாலாவது இடம் சமோவாவுக்குப் போனது. பெரியவர் ரயிலில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும் ரொட்டியும் போட்டார்கள், இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். பிறகு கார் நிறுத்துகிற கொட்டகையில் பாய் விரித்து, பிஜியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் வேர்ப்பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். கவா என்று பெயர். கை தட்டிவிட்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். சேறு கலந்த தண்ணீர் ருசி, நாக்கு நுனி மரத்துப்போகிறது. அது சாராயம் இல்லை என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அங்கேதான் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய தாத்தா 1911இல் மதராசில் கப்பல் ஏறியபோது கொடுத்த சீட்டின் நகல். கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்பது தெளிவாக இருக்கிறது. கிராமத்தின் பெயரில் மடிப்பு விழுந்து முன்பாதி போய்விட்டது, கடைசியில் 'பட்டு' என்று மட்டும் தெரிகிறது. நான் போளூர் என்று சொன்ன நாளிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறார். நம் தாலுகாவில் 'பட்டு' என்று முடிகிற ஊர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மணியக்காரர் வீட்டுத் தாத்தாவுக்குப் பழைய பெயர்களும் தெரிந்திருக்கும். எந்த ஊரில் "பிஜிக்குப் போனவர் வீடு" என்று பேச்சு இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இனி நம் விஷயம். பாப்பாவுக்கு வந்த ஆரணி வரன் எனக்கும் பிடித்திருக்கிறது. பையனுக்குச் சொந்தத் தறி இருக்கிறதா, கூலித் தறியா என்று மட்டும் விசாரியுங்கள். நகை எவ்வளவு என்று அவர்கள் கேட்காமல் நீங்களாக வாயைக் கொடுக்காதீர்கள். ஆவணியில் நாள் குறித்தால் எப்படியும் வருவேன்.

பேங்க் மேனேஜர் கல்விக் கடனைப் பற்றிக் கேட்டால் ஜூலையில் சேர்த்துக் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். இங்கே ஜூன் 30உடன் கணக்கு வருஷம் முடியும், பிடித்த வரியில் ஒரு பகுதி திரும்ப வரும். அதற்காகத்தான் இந்த மாதம் அனுப்பவில்லை, வேறொன்றுமில்லை. அம்மா வளையலை மறுபடி சொசைட்டியில் வைக்க வேண்டாம்.

சித்தப்பா கிணற்றுப் பங்கை எழுதிக் கேட்கிறார் என்றீர்கள். மோட்டார் முறை நமக்குச் செவ்வாய், வெள்ளி என்பது தாத்தா காலத்துப் பேச்சு, பத்திரத்தில் இல்லை. சார்பதிவாளர் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் பீரோவின் அடித்தட்டில் அம்மாவின் கல்யாணப் புடவைக்குக் கீழே இருக்கிறது. அதை நகல் எடுத்து எனக்கு ஒன்று அனுப்புங்கள். நான் பார்த்துப் பதில் எழுதும்வரை, சித்தி அழுதாலும் சரி, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு: மப்ளரைப் பற்றி அம்மா கேட்டால் கறுப்பு நிறத்தில் இன்னொன்றும் பின்னலாம். அதிகம் நீளம் வேண்டாம்.