தண்ணீர் பாட்டில் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி, உங்களில் பலர் வழியாக என் கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வெயிலில் நின்ற காரில் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உடம்பில் ஏறிப் புற்றுநோய் வருமாம். "பிளாஸ்டிக் பாட்டிலையே கேட்டுக்குள் விடாதீங்க சார்" என்று ஒரு அப்பா எழுதியிருந்தார். "அப்போ கேன் தண்ணியும் ஆகாதா?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். மறுநாள் ஆறாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தண்ணீரே கொண்டுவரவில்லை. வீட்டில் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேறு பாட்டில் கொடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. அதில் ஒரு பெண் மதியம் பிரேயர் மைதானத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தலைமையாசிரியர் ஆவதற்கு முன் பல வருடம் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தச் செய்தியில் டையாக்சின் கதை பொய். டையாக்சின் உருவாகக் குளோரின் வேண்டும், குப்பை எரியும் அளவுக்குச் சூடும் வேண்டும். கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மூலக்கூறில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. வேலூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் இல்லாத குளோரினை அதில் உண்டாக்க முடியாது.

ஆனால் செய்தி பொய் என்பதால் பாட்டில் சுத்தம் என்று ஆகிவிடாது. பெட் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தின் ஆக்சைடை, வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகச் சேர்க்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே தங்கிவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது சூட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் அரிசோனாவில், நம்மைப் போலவே வெயிலில் வேகும் ஊரில், 2008-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அறை வெப்பநிலையில் மூன்று மாதம் வைத்தும் ஆன்டிமனி பெரிதாகக் கூடவில்லை. 80 டிகிரி செல்சியஸில் வைத்தபோது இரண்டரை நாளுக்குள்ளாகவே அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 20 மைக்ரோகிராம். எந்த ஊர் வெயிலும் 80 டிகிரி இல்லை. ஆனால் மூடிய காருக்குள்ளும், தகரக் கூரை போட்ட குடோனிலும், தார்ப்பாய் மூடிய லாரியிலும் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன விளையாட்டு விழாவுக்கு ஒரு லிட்டர் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி இறக்கியது நான்தான். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக அடுக்கச் சொன்னதும் நான்தான். காலையில் அங்கே நிழல் இருந்தது. பத்து மணிக்கு மேல் நிழல் நகர்ந்துவிட்டது, பெட்டிகளை யாரும் நகர்த்தவில்லை. மூன்று நாள் அப்படியே கிடந்தன. விழாவன்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், பக்கெட் வாசனை அடிக்குது" என்றான். நானும் குடித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பாட்டில் வார்க்கும் கடும் சூட்டில் பெட் லேசாகச் சிதைந்து அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகும். அது பிளாஸ்டிக்கில் தங்கி, வெயில் பட்டால் தண்ணீருக்குள் இறங்கும். மிகச் சிறிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த அளவில் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீருக்குள் வந்திருக்கிறது என்பதற்கு நாக்கைவிட நல்ல கருவி அன்று எங்களிடம் இல்லை. மீதிப் பெட்டிகளைச் செடிக்கு ஊற்றினோம்.

அடுத்தது கேன். இருபது லிட்டர் கேன்களில் சில பெட், சில பாலிகார்பனேட். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் பெட். 7 என்பது 'மற்றவை' என்ற கணக்கு, பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும். பாலிகார்பனேட் செய்யப் பயன்படும் மூலப்பொருள் பிஸ்பீனால் ஏ. இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல உடம்பில் நடிக்கக்கூடியது. இது புதிதாகக் கண்டுபிடித்த சந்தேகமும் இல்லை. 1930-களிலேயே லண்டனில் இதைச் செயற்கை ஈஸ்ட்ரோஜனாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தாகப் பரிசோதித்த ஒரு பொருளைப் பின்னாளில் தண்ணீர் கேனுக்கும் பால் பாட்டிலுக்கும் கொண்டுவந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஹார்வர்டில் 2009-இல் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களைக் குடிக்க வைத்து, சிறுநீரைச் சோதித்தார்கள். பிஸ்பீனால் ஏ சுமார் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருந்தது. ஒரே வாரத்தில். வேறொரு ஆய்வில், கொதிநீரை ஊற்றியபோது இது 55 மடங்கு வரை வேகமாக இறங்கியது.

எவ்வளவு போனால் ஆபத்து? இதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் பழைய வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்று வேறு அளவு சொன்னது. கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவோடு உரசும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-வுக்குத் தடை விதித்தது. குழந்தைகளின் பால் பாட்டிலில் அங்கே 2011-லேயே தடை. 'பிபிஏ ஃப்ரீ', அதாவது பிஸ்பீனால் ஏ இல்லை, என்று ஒட்டியிருந்தால் நிம்மதியா என்று கேட்பீர்கள். சிலவற்றில் அதன் இடத்தில் பிஸ்பீனால் எஸ் என்ற தம்பி உட்கார்ந்திருக்கிறான். குணமும் அண்ணனைப் போலத்தான்.

நுண்பிளாஸ்டிக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2024-இல் எண்ணிப் பார்த்ததில் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 துகள்கள் இருந்தன. பெரும்பாலானவை நானோ அளவு. இவை உடம்பில் என்ன செய்கின்றன என்பது இன்னும் முடிவாகவில்லை. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒன்று செய்து காட்டினேன். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, இடுப்பு சுருங்கியது, லிட்டர் பாட்டில் குட்டையாகக் குனிந்து நின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுமார் 75 டிகிரியில் பெட் இளகத் தொடங்கிவிடும். பிறகு ஒரு பெண் எழுந்து, "எங்கம்மா தினமும் சீரகத் தண்ணியை சூடாத்தான் ஊத்துறாங்க சார்" என்றாள். அம்மாக்களே, இந்தக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: சூடான எதையும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றாதீர்கள். சீரகத் தண்ணீர், கஞ்சி, பால் எதுவானாலும் ஆற வைத்து எவர்சில்வரில் ஊற்றுங்கள்.

கூல்டிரிங்ஸ் வாங்கிய இரண்டு லிட்டர் பாட்டிலையே வருடக் கணக்கில் கொடுத்தனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. காசு இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதில் வேதிப்பொருளைவிட உடனடியான சங்கடம் வேறு. ஒரு பையனின் பாட்டில் மூடியைத் திருகி உள்பக்கம் காட்டச் சொன்னேன். மரையின் பள்ளத்தில் பச்சையாகப் பாசி. குறுகிய வாய்க்குள் கைவிட்டுத் தேய்க்க முடியாது. பிளாஸ்டிக் பத்து வருடத்தில் என்ன செய்யும் என்று யோசிப்பதற்கு முன் அந்தப் பாசி பத்து நாளில் வயிற்றை என்ன செய்யும் என்று பாருங்கள்.

பள்ளி தரப்பில் செய்திருப்பது: வராண்டாவில் வெயில் படும் இடத்தில் இருந்த கேன்களை உள்ளே மாற்றிவிட்டோம். கீறல் விழுந்து மங்கிப்போன கேன்களைத் திருப்பி அனுப்புகிறோம். கொண்டுவருபவர் முகம் சுளிக்கிறார், பரவாயில்லை. பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புதலுடன் குழாய் வைத்த இரண்டு எவர்சில்வர் டிரம் வாங்குகிறோம். தொட்டித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். இனிப் பள்ளி விழாக்களுக்குப் பாட்டில் தண்ணீர் வாங்க மாட்டோம்.

பிளாஸ்டிக் பாட்டிலுடன் வரும் பிள்ளையை யாரும் கேட்டில் நிறுத்தப் போவதில்லை. இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் முதல் ஆபத்து. எந்தப் பாட்டிலானாலும் தண்ணீர் மணி அடிக்கும்போது பிள்ளை குடிக்க வேண்டும். எவர்சில்வர் பாட்டில் வாங்க முடியாத வீடுகள் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், முன்னாள் மாணவர்கள் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். செம்புப் பாட்டில் தரலாமா என்று கேட்டவருக்கு: வெறும் தண்ணீருக்குத் தரலாம். எலுமிச்சைச் சாறும் மோரும் செம்பில் ஊற்றவே கூடாது.

இன்னொன்று. பாத்திரக் கடையில் பாட்டில் வாங்கும்போதே பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் நாலு நாளில் அழிந்துவிடுகிறது. உரிமை கோர யாரும் வராத மூன்று பாட்டில்கள் இப்போது என் மேசைமேல் நிற்கின்றன. ஒன்றில் மட்டும் 'சீர்வரிசை' என்று வெட்டியிருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது என்று தெரிந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்