வீட்டுத்தோட்டச் சங்கம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராமல் நாளைக்கு வட்ஸ்அப்பில் வாசிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

வழமையானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன, சில கோரம் இல்லாமல் கலைந்தன. பொங்கலையொட்டி விதைப் பரிமாற்றம், ஒரு சிரமதானம், ஒரு கொம்போஸ்ட் வகுப்பு. தம்பலகாமம் பயணம் மழையால் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

சரி, இனி வாள் ஈ. "செயலாளர் இதைப் பூச்சிச் சங்கம் ஆக்கிவிட்டார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாரியில் உவர்மலையிலும் பாலையூற்றிலும் சிலருடைய முள்ளங்கிப் பாத்தியில் கரும்பச்சைப் புழு விழுந்து இலையெல்லாம் ஓட்டை. வழக்கமான மயிர்க்கொட்டிதானே என்று, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கென விற்கிற பற்றீரியா மருந்தை வாங்கி அடித்தார்கள். புழு சாகவில்லை. எப்படிச் சாகும்? அது அந்தப் பக்கமே இல்லை. தேனீ, குளவி, எறும்பு இருக்கிற வரிசையைச் சேர்ந்த வாள் ஈயின் குடம்பி அது, அந்த மருந்து அதைத் தொடாது. காசு போனதுதான் மிச்சம்.

புழுவைப் புரட்டி வயிற்றுப் பக்கச் சதைக்கால்களை எண்ணுங்கள். மயிர்க்கொட்டிக்கு ஐந்து சோடிக்கு மேல் இராது, இதற்கு எட்டு. தலையில் பக்கத்துக்கு ஒரே ஒரு கண் பொட்டு. தொட்டால் சுருண்டு கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். காலையிலும் பின்னேரமும்தான் மும்முரமாகத் தின்னும், அந்நேரம் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் போதும். ஈரமண் போத்தலில் சிலதை வளர்த்தேன். மண்ணுக்குள் கூடு கட்டி, பிறகு செம்மஞ்சள் உடம்பும் கறுத்த தலையும் புகை பிடித்த நாலு சிறகுமாக வெளியே வந்தன. குளவியின் ஒடுங்கிய இடுப்பு இல்லை.

இது எந்த வாள் ஈ என்று தேடியதில் அதாலியா என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரை வந்தாயிற்று. அதற்கு அங்கால்தான் சிக்கல். கடுகு வாள் ஈயைப் பழைய விவசாயப் புத்தகங்கள் அதாலியா புறொக்சிமா என்கின்றன, பிந்தியவை அதையே அதாலியா லூஜென்சின் துணையினம் என்கின்றன. இரண்டு பெயரும் ஜேர்மன் பூச்சியியலாளர் குளூக் 1815இல் வைத்தவை. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ஐரோப்பிய அதாலியா றோசேயும் இதே செம்மஞ்சளும் கறுப்பும்தான். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. பெண் பூச்சி இலை விளிம்பைக் கிழித்து முட்டை செருகுகிற வாளைக் கழற்றிக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதன் பற்களின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். டிஎன்ஏ பார்த்தால் தெரியுமே என்றார் ஒருவர். வாள் ஈக்களில் சில நெருங்கிய இனங்களுக்குப் பார்கோடும், அதாவது இனம் பிரிக்கப் பார்க்கிற அந்த டிஎன்ஏ துண்டும், ஒன்றாகவே வருகிறது. அதனால் பதிவேட்டில் "அதாலியா, இனம் உறுதியில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா என்று கேட்டவருக்கு, கைவில்லையில் இவ்வளவுதான் தெரியும் ஐயா.

மாதிரி கொண்டுவாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படம் வந்தது, அதிலும் பாதி கலங்கல், பூச்சி வரவில்லை. மதுசாரத்தில் போட்டு, என்ன செடி, எந்த இடம், என்ன திகதி என்று பென்சிலால் எழுதிய துண்டை உள்ளே போடச் சொல்லியிருந்தேன் (பேனை மை கரைந்துவிடும்). அதைச் சரியாகச் செய்தவர் ஒரேயொரு அக்கா. அவர் உறுப்பினரே இல்லை, ஓர் உறுப்பினரின் மனைவி. அந்த உறுப்பினர் இன்றைக்கும் வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் சொல்வார். சுருக்கமாக, கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. சந்தா அரைவாசிப் பேருக்கு மேல் நிலுவை. பெயர் வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை, பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

மண்டபம் தந்த வாசிகசாலைக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் ஒரு நுணுக்குக்காட்டி வேண்டும். பழையது ஒன்று விலைக்கு இருக்கிறது. நான் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை, நிலுவையில் பாதி வந்தாலே வாங்கிவிடலாம். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன், ஆனால் என் வீட்டு அலுமாரியில் இருக்கிற போத்தல்களையும் அவர்தான் எடுத்துப்போகவேண்டும், என் வீட்டுக்காரியின் வேண்டுகோளும் அதுதான். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலடியில் மேசை போட்டிருக்கிறார். வேறு வாசல் இன்றைக்குத் திறக்கவில்லை.