முதலில் வாசிக்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனாவால் மூடிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளில், 19 மாதங்களுக்குப் பிறகு, 2021 நவம்பர் 1 முதல் ஒன்றிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகள் திறந்துவிட்டன, ரொம்ப சந்தோஷம். ஆனால் பிள்ளைகள் விட்ட இடத்தில் இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பு. கடைசியாகப் பள்ளிக்குப் போனது ஒன்றாம் வகுப்பில். நேற்று தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து 'ப... ற... வை' என்று எழுத்துக்கூட்டிப் படித்தவள், அடுத்த சொல்லில் விரலை வைத்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் காலையில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பார்த்தாள், சரி. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

பாடத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. முதல் இரண்டு மாதமாவது வாசிப்பும் கூட்டல் கழித்தலும்தான் பாடமாக இருக்க வேண்டும். எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துக் குழு பிரிக்கலாம். அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் எடுக்கும் பாடமும் இதே வரிசையில் போகட்டும். பள்ளியில் ஒன்று, தெருவில் ஒன்று என்றால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் அரையாண்டுத் தேர்வு வேண்டவே வேண்டாம்.

– வாசகி, திண்டிவனம்