செயலாளரின் ஆண்டறிக்கை: மூத்தோர் சுற்றுலாவும் டெம்ப்ஸ்டர் பாதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், மாதாந்தக் கூட்டங்கள் எல்லாம் வழமைபோல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஓகஸ்ட் கடைசியில் நடந்த, கனடாவின் வடமேற்கிலுள்ள யூக்கானுக்கான சுற்றுலாவில், டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய நாளில் ஆர்க்டிக் வட்டம் வரை ஏன் போகவில்லை என்று சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கல்கரியிலிருந்து வைற்ஹோஸுக்கு விமானம். அங்கிருந்து டோசன் நகரத்துக்கு ஒரு பகல் முழுதும் ஓட்டம். டோசனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் டெம்ப்ஸ்டர் பிரிகிறது. வடக்கே இனூவிக் நகர் வரை 700 கிலோமீற்றருக்கு மேல், பெரும்பாலும் கிறவல். வாகனம் வாடகைக்குக் கேட்ட இடத்தில் அந்தப் பாதைக்குத் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே உள்ளூர்ச் சாரதியோடு ஒரு மினி பஸ் பிடித்தோம். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. எதிரே லொறி வந்தால் கல் தெறித்துக் கண்ணாடி வெடிக்கும் என்று மனுசன் ஓரங்கட்டி ஊர்ந்துதான் போனார்.

பிணக்கு இதுதான்: வடதுருவப் பகுதியின் எல்லைக்கோடான ஆர்க்டிக் வட்டம், பாதை தொடங்கும் இடத்திலிருந்து 405ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்து அந்த வட்டத்தின் பலகைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்காமல் போறதோ?" என்பது ஒரு பகுதியினரின் ஆதங்கம். 369ஆவது கிலோமீற்றரில் ஈகிள் பிளேன்ஸ் வரும்வரை பெற்றோலும் இல்லை, படுக்க விடுதியும் இல்லை. முழங்கால் நோவும் நீரிழிவும் உள்ளவர்களை ஒரே நாளில் போய்வர 800 கிலோமீற்றருக்கு மேல் குலுக்கிக் கொண்டுவர நான் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் என் நிலைப்பாடு அதுதான்.

வழியிலுள்ள டூம்ஸ்டோன் பூங்காப் பகுதியோடு நின்றதால் எதையும் இழக்கவில்லை. 71ஆவது கிலோமீற்றருக்குச் சற்றுமேல் உள்ள விளக்க நிலையத்தில், அந்த மண்ணில் பறித்த இலைகளைக் காய்ச்சிய தேநீர் தந்தார்கள். நம் மூத்த அங்கத்தவர் ஒருவர் கோப்பையை முகர்ந்துவிட்டு, "பிள்ளை, பால் இல்லையோ?" என்று தமிழிலேயே கேட்டார், தேநீர் ஊற்றிய பெண்ணும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குன்றெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய் மாறியிருந்தது. வெளியே பாசித்தரை காலடியில் பஞ்சாய் அமுங்கியது. ஆனால் கொஞ்சம் ஆழத்தில் நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கிறதாம். வெயில் அதை உருக்கிப் பாதை புதையாமலிருக்கத்தான் இவ்வளவு தடிப்பாகக் கிறவல் கொட்டி, 1979இல் பாதையைத் திறந்திருக்கிறார்கள். இடுப்பளவு நிற்கும் ஊசியிலை மரத்துக்கு நூறு வயதும் இருக்கலாம் என்று சாரதி சொன்னபோது, அதில் சாய்ந்து நின்றவர்கள் சட்டென்று விலகிக்கொண்டார்கள்.

82ஆவது கிலோமீற்றரில் உள்ள கணவாய்தான் பாதையின் மிக உயரமான இடம். அதன் தென்புற நீர் யூக்கான் ஆற்றோடு பெரிங் கடலுக்கும், வடபுற நீர் மெக்கென்சி ஆற்றின் வழியாக ஆர்க்டிக் சமுத்திரத்துக்கும் போகிறது. அங்கேதான் புளிச்சோறும் கட்லற்றும் சாப்பிட்டோம். கரடிக்குப் பயந்து ஒரு பருக்கைகூட மிச்சம் விடவில்லை.

வட்டத்தைத் தாண்டியே தீருவோம் என்பவர்களுக்காக, ஈகிள் பிளேன்ஸில் இரவு தங்கும் தனிப் பயணமொன்றை நிர்வாக சபை பரிசீலிக்கலாம். விரும்புவோர் மருத்துவரின் சம்மதத்தோடு என்னிடம் பெயர் தரவும். வழியில் உள்ளவை குழிக் கழிவறைகள்தான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்