பிரேக் பேடு மாற்றும் விவரங்களைப் பொதுவில் வையுங்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் பயணிகள் கார்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் அமைப்பான இந்திய ஆட்டோமொபைல் உற்பத்தியாளர்கள் சங்கத்துக்கும் (சியாம்),

வணக்கம்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடித்துக் காரை நிறுத்தும் பிரேக் பேடுகளை உரிமையாளரே வீட்டு வாசலில் வைத்து மாற்றலாமா, மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி கார் வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் எழுகிறது. செலவைக் கணக்கிட்டு ஒரு சாரார் தாங்களே செய்யலாம் என்கிறார்கள். உயிரோடு விளையாடக் கூடாது என்று மறு சாரார் எச்சரிக்கிறார்கள். என் காரின் முன்பக்கப் பேடுகளை நானே மாற்றுகிறேன். பின்சக்கர வேலைகளை எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன். இரண்டு இடங்களிலும் ஒரே குறையைக் காண்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பேடு எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், டிஸ்க் எந்தத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், பேடுகளை அழுத்தும் கேலிப்பர் என்ற பிடியின் பிஸ்டனை எந்த முறையில் உள்ளே தள்ள வேண்டும் என்பவை உங்களிடம் எழுத்தில் இருக்கின்றன. உரிமையாளரும் தனிப் பட்டறை மெக்கானிக்கும் அந்த எழுத்தைப் பார்க்காமலேயே வேலை செய்கிறார்கள்.

சாதாரணமான ஒரு சிறிய காரில் முன்பக்கப் பேடு மாற்றுவது பெரிய வித்தை அல்ல. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைச் சற்றே தளர்த்திய பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் காரை இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கையையோ தலையையோ உள்ளே நீட்டக் கூடாது. சக்கரத்தைக் கழற்றினால் கேலிப்பர் தெரியும். பெரும்பாலான சிறிய கார்களில் அதன் கீழ் போல்ட்டைக் கழற்றி மேல்நோக்கித் திருப்பினாலே பழைய பேடுகள் கைக்கு வந்துவிடும். புதிய பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பி ஏறும். டப்பா ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். கேலிப்பரை முழுதாகக் கழற்ற நேர்ந்தால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டுமே தவிர, அதன் முழு எடையையும் ரப்பர் ஹோஸ் தாங்கும்படி விடக் கூடாது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, கார் ஓர் அடி நகர்வதற்கு முன்னரே பிரேக் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடாமல் விலகி நிற்கும் என்பதால், இதைச் செய்யாதவருக்கு முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது.

இவ்வளவையும் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். தடுமாற்றம் எண்களில்தான் வருகிறது. கேலிப்பர் முன்பின் நகர உதவும் சறுக்கு ஊசிகளைப் பிடிக்கும் போல்ட்டுகள் பல சிறிய கார்களில் 30 நியூட்டன் மீட்டரை (முறுக்கு விசையின் அலகு) ஒட்டி இறுக்கப்பட வேண்டியவை. அதே கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இறுக்கம் தேவை. இரண்டையும் ஒரே வேகத்தில் ஒரே கை முறுக்கினால், ஒன்றில் மரை போகும் அல்லது மற்றொன்று ஓட்டத்தில் தளரும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துரு ஏறிய பின் அதைப் படிக்க முடிவதில்லை. என் கைக்கு வந்த உரிமையாளர் கையேடுகளில் டயர் காற்றழுத்தம் இருக்கிறது, பல்பின் வாட் அளவு இருக்கிறது. பேடைப் பற்றிக் கேட்டால், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும் என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் போனால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா? ஆயிரக்கணக்கான பேடுகளை மாற்றிய கைக்கு ஈடு இல்லை என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். சறுக்கு ஊசி சிக்கியிருப்பதை விரலால் தொட்ட மாத்திரத்தில் அவர் சொல்லிவிடுவார். ஒரு பேடு மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்ததும் காரணத்தைத் தேடிப் போவார். முதல்முறை ஸ்பேனர் பிடிக்கும் உரிமையாளர் இவற்றைக் கவனிக்காமல் புதிய பேடைப் போட்டு மூடிவிடக்கூடும். ஆனால் அந்த அனுபவமிக்க கையும் பழைய கார்களில் பழகிய கை. இன்று விலை சற்றுக் கூடிய கார்களில் ஹேண்ட் பிரேக் நெம்புகோலுக்குப் பதிலாக ஒரு பொத்தான் வந்துவிட்டது. பின்சக்கரக் கேலிப்பரில் உட்கார்ந்திருக்கும் சிறு மோட்டார்தான் அங்கே ஹேண்ட் பிரேக்கை இறுக்குகிறது. அந்த வண்டியைச் சேவை நிலைக்கு, அதாவது பேடு மாற்றுவதற்காக மோட்டார் தன் பிடியை விட்டுப் பின்வாங்கும் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் மோட்டாரும் அதன் பற்சக்கரங்களும் பழுதாகும். சில கார்களில், காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் சேவை நிலைக்கே போக முடியாது. சிலவற்றில் பொத்தானையும் பெடலையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் போதும். எந்தக் காருக்கு எந்த முறை என்று தெரியாத மெக்கானிக், வண்டியைத் திருப்பி அனுப்புகிறார். அல்லது காணொளிகளைப் பார்த்துத் துணிகிறார். இருபது முப்பது ஆண்டுகள் தொழில் செய்தவரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமில்லை.

சேவை மையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மையத்தில் பேடுகளோடு டிஸ்க்குகளையும் மாற்ற வேண்டும் என்று என்னிடம் மதிப்பீடு நீட்டினார்கள். டிஸ்க்கின் தடிமனை அளந்தீர்களா, குறைந்தபட்ச அளவு என்ன என்று கேட்டபோது, அது நிறுவனத்தின் உள்தகவல் என்றார் மேலாளர். அந்த மதிப்பீடு சரியாகவே இருந்திருக்கலாம். சரியா தவறா என்று அறிவதற்கான அளவையே வாடிக்கையாளரிடமிருந்து மறைப்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இந்தத் தேவை உங்களுக்குப் புதிதாகச் சொல்லப்படுவது அன்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் கையேடுகளும் பழுதறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்ததே அதற்குக் காரணம். உரிமையாளர் தனி மெக்கானிக்கிடம் வேலை கொடுத்தார் என்பதற்காக மட்டுமே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த பழுதான வேலையால் சேதம் ஏற்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பை மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. வழக்கு அதன் பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றது உண்மைதான். 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. அந்தத் தளத்துக்குள் நிறுவனங்கள் வைத்த விவரங்களில், ஒரு மெக்கானிக் பட்டறையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யத்தக்க எண்களைத்தான் நான் தேடுகிறேன். சேவை மையங்களின் முகவரிகள் அந்தத் தேவையை நிறைவேற்றாது.

உங்களுள் பலர் ஐரோப்பாவிலும் கார் விற்கிறீர்கள், அல்லது அங்கே விற்கும் நிறுவனங்களின் இந்தியக் கிளைகளாக இருக்கிறீர்கள். அங்கே பழுதுபார்ப்புத் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்பது சட்டம். கட்டணம் வாங்கிக்கொண்டாவது தருகிறீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல் இதற்கான சட்டத்தை ஆதரித்து வாக்களித்த பிறகு, 2014இல் நாடு முழுமைக்கும் ஓர் உடன்பாடே எழுதப்பட்டது. அங்கே கொடுக்க முடிந்ததை இங்கே மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

பாதுகாப்பு என்பீர்கள். அந்தக் காரணத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70. அங்கே கியரைக் குறைக்காமல் பெடலை மிதித்தபடியே இறங்குபவரின் பேடும் டிஸ்க்கும் கொதிக்கின்றன. தேய்ந்து மெலிந்த பேடு அந்தச் சூட்டைப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் இன்னும் விரைவாகக் கடத்துகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் சேர்ந்த நிலைக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. இத்தனை ஆபத்தும் பேடு மாற்றுபவருக்குச் சரியான தகவல் இல்லாதபோது கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. நீங்கள் கையேட்டை மூடி வைப்பதால் எவரும் பேடு மாற்றுவதை நிறுத்திவிடவில்லை. கடையில் பேடு விற்கிறது, வாங்குபவர் மாட்டுகிறார். அதை எப்படி மாட்டுவது என்று அவருக்கு இப்போது சொல்பவர் யார் என்பதைத்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போலிப் பேடுகளின் சிக்கலும் இதோடு பின்னிக் கிடக்கிறது. பெட்டி அச்சு அசலாக இருக்கும்; உள்ளே இருக்கும் உராய்வுப் பொருள் எதனால் ஆனது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தரமான பேடுகள் நம் ஊரிலேயே, சென்னையின் பாடியிலும் அம்பத்தூரிலும் வேரூன்றிய நிறுவனங்களால் தயாரிக்கப்படுகின்றன. எந்தக் காருக்கு எந்தப் பாக எண், உங்கள் அசெம்பிளி வரிசைக்கு அதைத் தந்தவர் யார் என்று நீங்களே அறிவித்தால், அதே பேடை அதே தயாரிப்பாளரின் பெட்டியில் நியாயமான விலைக்கு வாங்க முடியும். ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகள் ஆர்-90 விதிப்படி அசல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியவற்றுக்கு ஒப்புதல் இல்லை.

ஆகவே, விற்பனையில் உள்ள ஒவ்வொரு காருக்கும், விற்பனை நின்று பத்தாண்டு ஆகாத ஒவ்வொரு காருக்கும், பிரேக் பராமரிப்புக்கென்று சில பக்கங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கட்டணமின்றி வெளியிடுங்கள். பேடு, டிஸ்க் இரண்டின் குறைந்தபட்சத் தடிமன், ஒவ்வொரு போல்ட்டின் இறுக்க அளவு, பிஸ்டனைத் தள்ளுவதா திருகுவதா என்ற விளக்கம், மின்சார ஹேண்ட் பிரேக்கைச் சேவை நிலைக்குக் கொண்டுசெல்லும் முறை, எந்த இடத்தில் எந்த கிரீஸ் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் கேலிப்பரின் ரப்பர் உப்பிவிடும் என்பதுகூடப் பல பட்டறைகளில் தெரிவதில்லை. பேடு தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். நாள் முழுவதும் அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்கள் பட்டறையில் வேலை பழகும் இளைஞர்கள். உங்கள் சேவை மையங்களோ, கழற்றிய பேடையும் அளந்த எண்ணையும் பில்லோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் தர வேண்டும்.

எவர் செய்யலாம், எவர் செய்யக் கூடாது என்பதையும் அந்தப் பக்கங்களிலேயே ஒளிவின்றி எழுதலாம். முன்பக்கப் பேடு மட்டும் என்றால், தாங்கியும், போல்ட்டின் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் வைத்திருப்பவர் நிதானமாகச் செய்யட்டும். மிதிக்கும்போது பெடல் துடித்தாலோ, ஆயில் கசிந்தாலோ, பிரேக் லைனில் காற்று புகுந்தாலோ, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தாலோ மெக்கானிக்கிடம் போகச் சொல்லுங்கள். தயாரித்தவர் என்ற முறையில் நீங்கள் வரையும் அந்தக் கோட்டை உரிமையாளர்களும் மதிப்பார்கள், மெக்கானிக்குகளும் மதிப்பார்கள். இதற்குப் புதிய ஆய்வோ புதிய முதலீடோ வேண்டியதில்லை. உங்கள் சேவை மையங்களுக்கு நீங்கள் ஏற்கெனவே அனுப்பியிருக்கும் பக்கங்களிலிருந்தே தொடங்கலாம். எந்த மாதத்துக்குள் வெளியிடுவீர்கள் என்ற பதிலை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார் உரிமையாளர்