காதொலிக் கருவியோடு கைப்பேசி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

காதொலிக் கருவி பொருத்திய பிறகும் போனில் பேச்சு உடைந்து உடைந்துதான் கேட்கிறது, அதனால் சத்தத்தை முழுவதும் ஏற்றிவைத்துப் பேசுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை ஏற்றுவதற்கு முன் போனை எங்கே பிடிக்கிறாய் என்று பார். உன்னுடையது காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. அதன் மைக் காதுத் துளையில் இல்லை, மடலின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கிறது. மற்றவர்களைப்போல் போனைத் துளையோடு சேர்த்து அழுத்தினால் பேச்சு மைக்கை எட்டாது, விசில்தான் கிளம்பும். போனின் மேல்முனையைச் சற்று உயர்த்தி, மைக்குக்கு அருகே லேசாக விலக்கிப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஊருக்கு வந்தபோது தொல்லை கொடுத்த ‘டர்ர்’ என்ற இரைச்சல் உன் கருவியின் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை. இங்கே சிக்னல் குறையும்போது போன் 2ஜிக்கு இறங்கிவிடுகிறது. 2ஜி போன் தன் அலையை விநாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக விட்டு விட்டு அனுப்புவதால், அந்தத் துடிப்பைக் கருவியின் மின்சுற்று வாங்கி ஒலியாக்கிவிடுகிறது. 4ஜியில் இது பெரிதும் குறைவு. ஆகையால் இங்கே வந்தால் வைஃபை வழியாகப் பேசு.

உன் கருவியில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்டிடம், அதாவது உன் காதைப் பரிசோதிக்கும் கேட்பியல் நிபுணரிடம், கேள். இருந்தும் அதை இயக்கிவைக்காமல் கொடுத்துவிடுவது உண்டு. அது மைக்கை ஒதுக்கிவிட்டுப் போனின் காந்தப்புலத்தை நேரடியாக வாங்கிக்கொள்வதால், சுற்றிலும் எவ்வளவு கூச்சல் இருந்தாலும் பேச்சு தெளிவாக வரும். மோட்டார், பழைய டியூப்லைட் சோக் ஆகியவற்றின் அருகில் மட்டும் ஒரு ரீங்காரம் சேரும். எல்லாப் போனும் இதற்கு ஒத்துவராது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக மைக் வழிக்கு M, டெலிகாயில் வழிக்கு T என்ற எழுத்துகளோடு 1 முதல் 4 வரை தரமிட்டு வந்தார்கள். போன் வாங்கும்போது அதன் விவரக்குறிப்பில் அந்தத் தரம் இருந்தால், M3, T3 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்; புதிய போன்களில் அது இல்லாமலும் போகலாம். அதைவிட, கருவியை மாட்டிக்கொண்டே கடையில் ஓர் அழைப்புப் பேசிப் பார்ப்பது நம்பகமானது.

ப்ளூடூத் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பயம் அதில்தான். பேச்சு இரண்டு காதுக்கும் நேரே பாயும் வேளையில் பல கருவிகள் வெளிமைக்கைத் தணித்துவிடுவதால், பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் கேட்காமலே போகலாம். சாலையைக் கடக்கும்போது அழைப்பை எடுக்காதே. வண்டி ஓட்டும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உன் அத்தை கதிர்வீச்சைப் பற்றித்தான் ஓயாமல் கவலைப்படுகிறாள். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு 2012 செப்டம்பர் முதல், உடல் வாங்கும் கதிர்வீச்சு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அந்த அளவு தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் கருவியைக் கழற்றிவிட்டு இயர்பட்ஸில் உச்ச சத்தத்தில் பாட்டுக் கேட்பதை நிறுத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்கு ஏறினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அதுவும் நல்ல காதுக்குச் சொன்ன கணக்கு.

இரவில் கருவி காதில் இல்லாததால், அலாரம் அதிர்வதை உணரப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாய். சார்ஜ் ஏறும் போன் அங்கே வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் சூடாகும். கையில் கட்டும் அதிர்வு வாட்ச் ஒன்று வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன்.

இன்னொன்று. சரியாகக் கேட்காதபோது “சரி, சரி” என்று சொல்லிவிடும் பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. பேங்கிலிருந்து பேசுவதாக யாராவது சொன்னால் அந்த வார்த்தையே வாயில் வரக் கூடாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிடு. எங்களிடம் பேசும்போதும் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல். உன் அம்மா எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வாள், அவளுக்கு அது பிடிக்கவும் செய்யும்.

அன்புடன்,
அப்பா